விமானம் ஏறும் முன் ஊர் சிம்முக்கு ஒரு வருட ரீசார்ஜ்

பிள்ளையை அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ விட்டுவிட்டுத் துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கும், போகப்போகும் மதுரைப் பக்கத்துப் பெண்களுக்காக எழுதுகிறேன். நான் செவிலியர். எங்கள் ஊர் திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் இருக்கிறது. 2022 மார்ச்சில் துபாய் போனபோது மகன் நான்காம் வகுப்பு. இப்போது விடுமுறையில் வந்திருக்கிறேன். மனம் ஆறும் முன் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, எமிரேட்ஸ் ஐடி என்னும் அந்த ஊர் அடையாள அட்டை ஆகியவற்றை வேலை கொடுப்பவர்களே வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். முதலாளி அதைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படியே தவறு.

அடுத்து போன். துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பலாம், குரல் பதிவும் போகும். ஆனால் அழைத்துப் பேச முடியாது. இது தெரியாமல் முதல் நாள் இரவு பதினைந்து முறை அழைத்துவிட்டு அழுதேன். போட்டிம் போல அங்கே அனுமதிக்கப்பட்ட செயலியை ஊரிலேயே அம்மாவின் போனிலும் ஏற்றி, இரண்டு நாள் பேசிப் பழக்கிவிட்டுப் புறப்படுங்கள். கூட வேலை செய்பவர்கள் இந்தத் தடையைத் தாண்ட விபிஎன் என்ற செயலியைப் போடச் சொல்வார்கள். வேண்டாம். குற்றம் என்று முடிவானால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. நம் சம்பளத்துக்கு அது ஆயுள் கடன்.

நம் நேரம் துபாயைவிட ஒன்றரை மணி முன்னால். பிள்ளை காலை ஏழரைக்குப் பள்ளிக்குக் கிளம்பினால் உங்களுக்கு ஆறு மணி. அந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று விசாரணை நடத்தினால் இரண்டே வாரத்தில் போனைப் பாட்டியிடம் தள்ளிவிடுவான். நான் போனைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். அவன் சட்டைக்குப் பொத்தான் போடுவான், ஒரு பக்கம் ஏறி இறங்கியிருக்கும். சொன்னால் கழற்றி மறுபடி போடுவான். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று அவனுடைய மாமா தோளில் தூக்கிக்கொள்ள, அவன் போனை உயர்த்திப் பிடித்தான். துபாயில் விடியவில்லை. படம் ஆடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் பீய்ச்சுபவர்களின் தலைகளே அதிகம் தெரிந்தன. விடுதிப் படுக்கையில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.

இனி, நான் விழுந்த குழி.

என் ஊர் எண்ணில்தான் வாட்ஸ்அப் இருந்தது. புறப்படும்போது 84 நாள் ரீசார்ஜ் போட்டிருந்தேன். அது முடிந்ததும் மறுபடி போடவில்லை. விடுதி வைஃபையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டிருந்ததால் எண் உயிரோடு இருக்கிறது என்றே நம்பினேன். உண்மையில் சிம் செத்த பிறகும் பழைய எண்ணில் வாட்ஸ்அப் ஓடும். 90 நாள் பயன்படாமல் கிடக்கும் எண்ணைத் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. துண்டித்த எண்ணைச் சில மாதம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2023 ஐப்பசி மழையில் ஒருநாள் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மகன் பஸ்ஸைத் தவறவிட்டான். பஸ் நிலையத்தில் ஒரு கடைக்காரரின் போனை வாங்கி அம்மாச்சியை அழைத்தான், அணைந்திருந்தது. அடுத்து, ஒன்றாம் வகுப்பில் நான் வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்த பத்து இலக்கத்தை அழுத்தினான். ஒரு ஆண் குரல் எடுத்தது. தவறான எண் என்று வைத்துவிட்டது. மறுபடி அழுத்தினான். அதே குரல். நனைந்த பையோடு ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

இதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. மூன்று வாரம் கழித்து என் வாட்ஸ்அப் தானாக வெளியேறியது. தோழியின் போனில் பார்த்தால், மகனின் வகுப்புக் குழுவில் என் இடத்தில் முன்பின் அறியாத ஒருவரின் படம். அன்று கேட்டபோதுதான் சொன்னான்: "உன் போனை வேறு யாரோ எடுத்தார். நீ எண்ணை மாற்றிவிட்டு என்னிடம் சொல்லவில்லை என்று நினைத்தேன்."

அந்த எண்ணை வாங்கியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைக்குப் போய் முறையாக வாங்கியிருக்கிறார். ஆனால் என் வங்கிக் கணக்கும் ஆதாரும் அதே எண்ணில்தான் இருந்தன. ஓடிபி எல்லாம் அவருக்குப் போனது. விடுப்பு எடுத்து வந்து, கைரேகை வைத்து மாற்றினேன். ஒரு மாதச் சம்பளம் அதிலேயே கரைந்தது.

ஆகவே புறப்படும் முன், ஊர் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்வதற்கான சர்வதேச ரோமிங்கை இயக்கிவிடுங்கள். குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் 2025 முதல் கிடைக்கிறது, ஒரு வருடத்துக்குப் போடலாம். வங்கிக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றினால் அமீரக எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள வழி உண்டு. ஆதார் ஓடிபி வெளிநாட்டு எண்ணுக்கு வராது, அதற்காகவாவது ஊர் சிம் வேண்டும். பள்ளியில் உங்கள் எண்ணோடு ஊரில் இருக்கும் ஒருவரின் எண்ணையும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணைப் போடுங்கள்.

பிள்ளைக்கு உங்கள் ஊர் எண்ணைத்தான் மனப்பாடம் செய்விக்க வேண்டும். கடைக்காரர் போனிலிருந்து துபாய் எண்ணுக்குப் பெரும்பாலும் அழைக்க முடியாது. ரோமிங்கில் இருக்கும் ஊர் எண்ணுக்கு முடியும். நாம் எடுத்தால்தான் காசு. என் மகன் என்னுடைய புது ஊர் எண்ணை நான்கு நாளில் மனப்பாடம் செய்தான். இரண்டு மணி அடித்துவிட்டு வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கடைக்காரர் எண் திரையில் விழும், அதற்கு நான் திரும்ப அழைப்பேன். போன மாதம் பணிநேரத்தில் அப்படி ஒரு மணி வந்தது. பதறிப்போய்க் கைகழுவும் இடத்தில் நின்று அழைத்தேன். "ஒன்றும் இல்லை அம்மா, நீதான் எடுக்கிறாயா என்று பார்த்தேன்" என்றான்.