மரியோ கார்ட்: வண்டி மாறியும் கை மாறாதவர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால், குன்னூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பள்ளி லீவு. கரண்ட் மட்டும் இருந்துவிட்டால் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு முன்னறையில்தான். டீயும் வர்க்கியும் தீர்கிற வேகத்தைக் கேட்கவே வேண்டாம். டிவியில் ஓடுவது மரியோ கார்ட், மரியோ கூட்டம் குட்டி வண்டி ஓட்டும் பந்தய வீடியோ கேம். எங்கள் வீட்டில் நின்டெண்டோ கேம் பெட்டிகள் இரண்டு, பழைய வீ (Wii) ஒன்றும், ஸ்விட்ச் ஒன்றும் இருக்கின்றன. வீயில் எல்லாரையும் ஓட ஓட விரட்டும் என் அக்கா பையன், ஸ்விட்ச்சில் உட்கார்ந்தால் ஒன்பதாவது, பத்தாவது என்று வருவான். "கண்ட்ரோலர் சரியில்ல மாமா" என்பான். கண்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. வண்டிதான் வேறு.

முப்பது வருடத்துக்கு மேலாக ஓடும் ஆட்டம் இது. பெயர் ஒன்றே என்பதால் உள்ளே இருக்கும் வண்டியும் ஒன்றேதான் என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

1992இல் வந்த முதல் ஆட்டத்தில் வண்டி தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. ஆளைத் தேர்ந்தெடுத்தால் வண்டியின் குணமும் கூடவே வந்துவிடும். எட்டுப் பேர், நான்கு ஜோடி. மரியோவும் லூயிஜியும் ஒரே மாதிரி ஓடுவார்கள், இளவரசி பீச்சும் யோஷியும் ஒரே மாதிரி. அடுத்து வந்த மரியோ கார்ட் 64இலும் இதே கதைதான். 2003இல் டபுள் டேஷ் வந்தபோதுதான் ஆள் வேறு, வண்டி வேறு என்று ஆனது. ஒரு வண்டியில் இரண்டு பேர். முன்னால் இருப்பவர் ஓட்டுவார், பின்னால் நிற்பவர் ஆமை ஓட்டையும் வாழைப்பழத்தோலையும் எதிராளிகள்மேல் எறிவார். இருவரில் ஒருவர் கனமானவராக இருந்தாலும் கன வண்டிதான் கிடைக்கும். இது தெரியாமல், 'சின்ன ஆளைச் சேர்த்தேனே, சின்ன வண்டி ஏன் வரவில்லை' என்று முழித்தவர்களில் நானும் ஒருவன்.

புதிதாக ஆட வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, திரையில் காட்டும் வேகப் பட்டையை மட்டும் பார்த்து வண்டி எடுப்பது. நீளமான பட்டை, பௌசர் மாதிரி பெரிய உருவம், முடிந்தது. அக்கா வீட்டுக்காரர் கேத்தி கேரட்டை பிக்கப்பில் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோகிறவர். லோடு ஏற்றிய வண்டி ஒருமுறை நின்றுவிட்டால் மேட்டில் மறுபடி எடுப்பதற்குள் உயிர் போய்விடும் என்பார். ஆட்டத்திலும் அதே கணக்குதான். கன வண்டி உச்ச வேகத்தில் கெட்டி. ஆனால் அந்த வேகத்தை எட்ட நேரமாகும். எதிராளி எறிந்த சிவப்பு ஆமை ஓடு ஒன்று பட்டு நின்றால் மறுபடி முதலிலிருந்து. ஒரு பந்தயத்தில் ஐந்தாறு முறை அடிவாங்கும் ஆரம்பநிலைக்காரருக்கு உச்ச வேகத்தால் என்ன லாபம்? சீக்கிரம் வேகமெடுக்கும் லேசான வண்டிதான் அவருக்குக் கைகொடுக்கும். நன்றாக ஓட்டப் பழகி, அடிவாங்குவது குறைந்த பிறகு கன வண்டிக்குப் போகலாம்.

2011இல் வந்த மரியோ கார்ட் 7இலிருந்து இன்னொரு சிக்கல் சேர்ந்தது. வண்டியின் உடல், டயர், பறக்கும் கிளைடர் என்று மூன்றையும் தனித்தனியாகக் கோக்க வேண்டும். 8இலும் அதுவே தொடர்ந்தது. பிள்ளைகள் உடலை அழகு பார்த்து எடுத்துவிட்டு, டயரை ஏனோதானோ என்று விட்டுவிடுவார்கள். டயர் மாறினால் வண்டியின் நடத்தையே மாறிவிடும். வழுவழுப்பான ஸ்லிக் டயர் வேகம் தரும், பிடிப்பைக் கெடுக்கும். உருண்டையான குட்டி ரோலர் டயர் சட்டென்று வேகமெடுக்க வைக்கும். 8இன் ஸ்விட்ச் பதிப்பான 8 டீலக்ஸில் வண்டி தேர்ந்தெடுக்கும் திரையில் ப்ளஸ் பட்டனை அழுத்தினால் இந்தக் குணங்களின் பட்டைகள் தெரியும். அழுத்துகிறவர்கள்தான் குறைவு. அதிலும் எல்லாம் தெரிந்துவிடாது. தரை, தண்ணீர், காற்று, சுவரில் ஓட வைக்கும் எதிர்ஈர்ப்பு என்று நான்குக்கும் ஆட்டம் தனித்தனி வேகம் வைத்திருக்கிறது. திரையில் காட்டுவது ஒரே பட்டை. தண்ணீருக்கடியில் நன்றாக ஓடும் வண்டி மேலே வந்ததும் மந்தமாகத் தெரிந்தால் அது உங்கள் கற்பனை இல்லை.

சரி, அக்கா பையன் கதைக்கு வருகிறேன். அவன் கை பழகியது 2008இல் வந்த வீ ஆட்டத்தில். தொடரில் பைக் முதன்முதலாக வந்தது அதில்தான்: 18 கார்ட், 18 பைக். நேர்ச்சாலையில் ரிமோட்டை மேல்நோக்கி ஒரு உதறு உதறினால் பைக் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும். வீலி என்பார்கள். அந்த ஆட்டத்தில் இது சும்மா அலங்காரம் கிடையாது. வேகம் நிஜமாகவே கூடும். வீலியில் இருக்கும்போது சரியாகத் திருப்ப முடியாது, யாராவது இடித்தால் வேகம் போய்விடும், அது அதற்குக் கொடுக்கும் விலை. சில பைக்குகள் டிரிஃப்ட் அடிக்கும்போது, அதாவது சறுக்கித் திரும்பும்போது, வளைவின் உள்பக்கமாகவே ஒட்டிக்கொண்டு திரும்பும். கார்ட்டுகளுக்கு ஆறுதலாக ஒன்று வைத்தார்கள்: டிரிஃப்ட்டைப் பிடித்திருந்தால் சக்கரத்தில் நெருப்பு பறக்கும், விட்டதும் ஒரு வேக உந்து கிடைக்கும்; கார்ட்டுக்கு நீல நெருப்புக்குப் பிறகு ஆரஞ்சு நெருப்பும் வரும். பைக்குக்கு நீலத்தோடு சரி. ஆனாலும் நேரக் கணக்குப் பார்த்து ஆடுகிறவர்கள் பைக்கை விட்டு இறங்கவே இல்லை.

7இல் பைக்கே கிடையாது. 2014இல் 8 வந்தபோது பைக் திரும்பியது, வேகம் தரும் வீலி திரும்பவில்லை. பையன் பழக்கதோஷத்தில் பைக் எடுக்கிறான், நேர்ச்சாலை வந்ததும் கை தானாக உதறுகிறது, வண்டி மதிப்பதே இல்லை. பைக் என்றால் வேகம் என்ற நினைப்பை 8இல் கழற்றி வைக்க வேண்டும். வேகத்தில் அங்கே கார்ட்டும் ஒன்றுதான், பைக்கும் ஒன்றுதான். பட்டை என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி.

இதே மாதிரி இன்னொரு பழக்கம், நேர்ச்சாலையில் பாம்பு போல வளைந்து வளைந்து போவது. 2005இல் கையடக்க டிஎஸ் கருவிக்கு வந்த ஆட்டத்தில் இதை வைத்தே ஜெயித்தவர்கள் உண்டு. டிரிஃப்ட்டில் திசைப் பட்டனை இடமும் வலமும் தட்டினால் நெருப்பு வந்துவிடும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. வீயிலிருந்து அந்த வழியை அடைத்துவிட்டார்கள். எவ்வளவு நேரம் டிரிஃப்ட்டைப் பிடித்திருக்கிறீர்கள் என்பதே கணக்கு. இன்றும் ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருப்பது கட்டைவிரலுக்குக் கேடு, வேறு பலன் இல்லை.

மோதலைத் தவிர்ப்பதும் எல்லா நேரமும் சரியில்லை. 8இல் சக்கரங்கள் படுக்கையாக மடிந்து, வண்டி சுவரிலும் கூரையிலும் ஓடும் இடங்கள் வரும். அங்கே பக்கத்து வண்டியை உரசினால் இரண்டுமே சுழன்று ஒரு உந்து கிடைக்கும். தரையில் ஒதுங்கிப் போகிறவர் அங்கேயும் ஒதுங்கிப் போனால் சும்மா கிடைப்பதை விட்டுவிட்டுப் போகிறார்.

தண்ணீர் கதை இதைவிட வேடிக்கை. பழைய ஆட்டங்களில் ஆழத்தண்ணீரில் விழுந்தால் மேகத்தில் மிதக்கும் லக்கிட்டு தூண்டில் போட்டுத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். 7லும் 8லும் வண்டி தண்ணீருக்கடியிலேயே ஓடும். 2025இல் வந்த மரியோ கார்ட் வேர்ல்டில் வண்டி தண்ணீர்மேல் படகு மாதிரி போகிறது. அலையைப் பார்த்துத் துள்ள வேண்டும். அந்த ஆட்டத்தில் உடல், டயர், கிளைடர் கோர்க்கும் வேலையையே எடுத்துவிட்டார்கள், முழு வண்டியாகத்தான் எடுக்க வேண்டும். புதிது என்றால் பழையதெல்லாம் உள்ளே இருக்கும் என்று நம்பி டயர் மெனுவைத் தேடாதீர்கள். பாதையில் பொறுக்கும் காசும் அப்படித்தான்: 1992இல் இருந்தது, 64, டபுள் டேஷ், டிஎஸ், வீ நான்கின் பந்தயங்களிலும் இல்லை, 7இல் திரும்பியது. காசு சேரச் சேர வண்டி வேகம் கூடும். 8இல் 10 வரை, வேர்ல்டில் 20 வரை. வீயில் வளர்ந்தவர்கள் காசை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள்.

ஸ்விட்ச்சில் ஆடுகிறவர்கள் வண்டியின் பின்னால் ஒரு ஆண்டெனா நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்மார்ட் ஸ்டீயரிங் ஓடுகிறது. ரோட்டை விட்டு இறங்க விடாது. சின்னக் குழந்தைக்கு நல்லது, குறுக்குவழியில் புக நினைப்பவருக்கு எரிச்சல்.

கடைசியாக, பந்தயத்துக்கு முன்னால் தேர்ந்தெடுக்கும் சிசி. 50, 100, 150 என்றால் வேறு வேறு எஞ்சின் வண்டிகள் என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி அதேதான், சிசி கூடினால் எதிராளிகள் உட்பட எல்லாருடைய வேகமும் கூடுகிறது. 2015 ஏப்ரலில் 8க்கு ஒரு புதுப்பிப்பாக 200 சிசி வந்தது. அதுவரை பிரேக் பட்டன் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஆடியவர்கள், அதில் முதல் வளைவிலேயே பள்ளத்துக்குப் போனார்கள். டிரிஃப்ட்டை விடாமல் நடுநடுவே பிரேக்கைத் தட்ட வேண்டும்.

போன மழையில் அக்கா வீட்டுக்காரரிடம் 200 சிசியைக் கொடுத்துப் பார்த்தோம். ரோடு அடைத்து, லோடு போகாமல் உட்கார்ந்திருந்தார். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏறியவர் ஆயிற்றே. ஒரு முறைகூட விழவில்லை மனிதர். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் பிரேக்கை அழுத்தி, எதிரில் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போலத் தலையை எட்டி நீட்டி, பதமாகத் திருப்பினார். பன்னிரண்டு பேரில் பதினொன்றாவது. "டிரிஃப்ட் அடிங்கப்பா!" என்று பையன் கத்திக்கொண்டே இருந்தான். "டயர் என்ன விலை தெரியுமாடா?" என்றார்.