கல்லணையிலிருந்து மன்னார்குடிக்கு சைக்கிளில், நடுவில் ஒரு பத்திர ஆபீஸ்

தஞ்சாவூர்ப் பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறேன் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்னால் "எத்தனை நாள் இருப்ப?" என்ற கேள்வி வரும். நீங்கள் சொல்லும் நாட்களுக்குள் இன்னின்ன வேலை என்று சொந்தக்காரர்கள் ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள், அதில் சைக்கிள் இருக்காது. நேராகப் போய் நில்லுங்கள். கோபப்படுவார்கள், சாப்பாடு போட்டதும் சரியாகிவிடும்.

எப்போது வருவது என்பதை மேட்டூர் அணைதான் முடிவு செய்யும். வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு. நீர்மட்டத்தைப் பொறுத்து முன்னே பின்னே போகும்: 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. ஏப்ரல், மேயில் வந்தால் ஆறெல்லாம் மணலும் கோரையும்தான், கரை முழுக்கத் தூர்வாரி அள்ளிப் போட்ட மண். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. டெல்டாக் களிமண் ஈரமாக இருந்தால் டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஆகவே பொங்கல் முடிந்து, அணையை அடைப்பதற்குள் வாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், காலையில் பனி இருக்கும், சம்பா அறுப்பு தொடங்கியிருக்கும். ஒரே சங்கடம், அந்தச் சமயத்தில்தான் ஊரே நெல்லைத் தார் ரோட்டில் காயப்போடும். ஓரத்தில் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள், இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்தபின் ஓட்டவே ஓட்டாதீர்கள். ரோட்டை மறிக்கிறார்களே என்று சண்டைக்கும் போகாதீர்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டேன் என்பார்கள், அவர்கள் வேறு எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விமானத்தில் திருச்சியிலேயே இறங்குங்கள். சென்னையில் இறங்கி சைக்கிள் பெட்டியோடு ரயில் ஏறுவது தனி அவஸ்தை. சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகக் காவிரியின் தென்கரையிலேயே கல்லணைக்கு வந்துவிடலாம். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிகிறது, உங்கள் வழியும் அங்கேதான் பிரியும். காவிரியோடு போனால் திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை, கும்பகோணம். நிழலான ரோடு, கோயில் வேண்டுமென்பவர்களுக்கு அதுவே சரி. தாராசுரத்தை வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று செங்கல்லில் நிற்கிறது, அதைப் பார்க்காமல் கும்பகோணத்துக்குக் காபி குடிக்க ஓடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டி 1934இல் திறந்தது, பூதலூர்ப் பக்கமாகத் தஞ்சாவூருக்குள் வந்து பெரிய கோயிலை ஒட்டிப் போய், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று சுமார் 149 கிலோமீட்டர் ஓடுகிறது. கரையில் இருப்பது ஜீப் போகிற மண்பாதை, நெதர்லாந்தில் இருப்பதுபோலப் பலகையும் எண்ணும் போட்ட சைக்கிள் பாதை அல்ல, தடுப்புக் கம்பியும் கிடையாது. பல இடங்களில் கால்வாயின் இரு பக்கமும் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். நிலத்தடி நீர் போய்விடும் என்று விவசாயிகள் எதிர்த்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. நமக்கு என்னவென்றால், சின்ன வயதில் குதித்த இடம்தானே என்று அதில் இறங்கக் கூடாது. இழுப்பு அதிகம், பாசி பிடித்த சரிவில் கால் வைத்து ஏற முடியாது. ஒவ்வொரு வருஷமும் யாராவது போகிறார்கள்.

என் வழி மூன்றாவது, வடவாறு. தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து, தஞ்சாவூரைத் தொட்டுக்கொண்டு வடுவூர் ஏரிக்குப் போகிற சின்ன ஆறு. தஞ்சாவூரிலிருந்து வடுவூர் வரை சுமார் 25 கிலோமீட்டர், மேடே கிடையாது. ஜனவரியில் ஏரியில் பறவைகள் நிறைந்திருக்கும், 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து மன்னார்குடி பக்கம்தான். ராஜகோபாலசாமி கோயிலைச் சேர்ந்த ஹரித்ராநதி தெப்பக்குளம் 23 ஏக்கர், அதைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு இட்லி சாப்பிடலாம். எங்கள் ஊரும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. அங்கே நிற்காமல் போக முடியுமா?

சரி, பத்திர ஆபீஸுக்கு வருவோம். பூர்வீக நிலம் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

அப்பா பெயரில் கொஞ்சம் நஞ்சை. அவர் போன பிறகு சித்தப்பாதான் பயிர் வைக்கிறார். உண்மையைச் சொன்னால் அப்பா இருந்தபோதே அவர்தான். உன் பங்கை எழுதிக் கொடுத்துவிடு என்றார். கேட்டதில் தப்பே இல்லை, நெதர்லாந்தில், உத்ரெக்டில் உட்கார்ந்துகொண்டு நானா நாற்று விடப்போகிறேன்? பவர், அதாவது எனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கிற பத்திரம், அனுப்பிவிடுகிறேன் என்று போனிலேயே சொன்னேன். "உன் கையெழுத்துதாம்பா வேணும், காயிதம் வந்து என்ன பேசும்?" என்றார். பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம்தான், அரை நாள் வேலை, முடிந்ததும் நீ சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போ என்றார்.

எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, எல்லா ஊரிலும் அதே பெஞ்சுதான். முதல் சிக்கல் பெயர். வாரிசுச் சான்றிதழில் இனிஷியலோடு என் பெயர். டச்சு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக மேலே, என் பெயர் அதற்குக் கீழே. அங்கே வங்கியிலும் பல் டாக்டரிடமும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பழகிவிட்டது. இங்கே உட்கார்ந்திருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், "இவரு தவறிட்டாருன்னு போட்டிருக்கே சார், அப்புறம் பாஸ்போர்ட் எப்படி?" என்றார். சித்தப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். அதற்கு வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர், அப்புறம் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார். தை மாதத்தில் வி.ஏ.ஓ.வைப் பிடிப்பது லேசில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு, வேண்டும், அதற்காக ஊரே அவர் வாசலில் நிற்கும். அந்த வரிசையில் நான் சைக்கிள் கால்சட்டையோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், அப்பாவோடு படித்தவராம், "ஏந்தம்பி, சீமையில துணிப் பஞ்சமா?" என்று கேட்டார். இ-சேவை மையத்தில் ஆதார் கேட்டார்கள். என்னைப்போல வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் இருந்திருந்தால்தான் ஆதார் எடுக்க முடியும், நான் எங்கே போவது? ஓ.டி.பி. வர இந்திய போன் எண் வேண்டும், அதுவும் சித்தி எண்ணைக் கொடுத்து, அவர் வயலில் இருக்க, நாங்கள் அவருக்குப் போன் போட்டு எண்ணை வாசிக்கச் சொல்ல, அதற்குள் நேரம் தாண்டிவிட, மறுபடி முதலிலிருந்து. அப்புறம் சர்வர் இல்லை. அப்புறம் அதிகாரி மீட்டிங். அப்புறம் தைப்பூசம். பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ.யும் போதும் என்று ஒருவர் சொல்வார், போதாது என்று பக்கத்து மேஜைக்காரர் சொல்வார், பத்திரம் எழுதுகிறவர் மட்டும் "பாத்துக்கலாம் சார்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

சைக்கிள் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் பெட்டியிலேயே இருந்தது. கும்பகோணமும் சுவாமிமலையும் அந்த பெஞ்சில் போய்விட்டன. கடைசியில் கையெழுத்தும் ரேகையும் வைத்துவிட்டு வெளியே வந்தபோது சித்தப்பா டீ வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி, "இனிமே உனக்கு இங்க ஒரு தொல்லையும் இல்ல தம்பி" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். இன்னும் அது எனக்கு ஜீரணமாகவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேனோ என்னவோ.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உறவுக்காரர் எவ்வளவு முறுக்கினாலும் பவரை வெளிநாட்டிலேயே எழுதி, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கியோ, நோட்டரியிடம் போட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அந்த நாட்டு அரசு தரும் சான்று) வாங்கியோ அனுப்பிவிடுங்கள். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும், இதை ஊரில் யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள், நீங்கள்தான் நச்சரிக்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் வில்லங்கத்தையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். போவதற்கு முன் பாருங்கள், தெரியாத கையெழுத்துகள் தெரியவரும். ஓ.சி.ஐ.க்காரர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. அதாவது விட்டுக்கொடுத்தால் கொடுத்ததுதான், பிறகு மனசு மாறி ஒரு குழி நிலம் வாங்கலாம் என்று திரும்பி வர வழியில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன், சொன்னார்கள்.

மிச்சமிருந்த நேரத்தில் வடவாற்றங்கரையை மட்டும் ஓட்டினேன். முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரையெல்லாம் சீமைக்கருவேலம், அதன் முள் 25 மில்லிமீட்டர் டயரை ஊசி போலக் குத்தி உள்ளேயே ஒடிந்துகொள்ளும். 35க்குக் குறையாத டயர் போடுங்கள். பஞ்சர்க் கடைக்காரர் பசையும் துண்டும் அருமையாக ஒட்டுவார், ஆனால் பிரெஸ்டா வால்வைப் (வெளிநாட்டு சைக்கிள் டியூபில் இருக்கிற ஒல்லியான காற்று வால்வு) பார்த்தால் கையை விரித்துவிடுவார். டியூபில் அடைப்புத் திரவம் ஊற்றிக்கொண்டு போனால் பாதித் தொல்லை குறையும். நாய்கள் மதகுக்கு மதகு மாறும், இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் அவையும் அடங்கிவிடும். டீக்கடையில் வண்டி என்ன விலை என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லாதீர்கள், பழைய புல்லட் விலையை ஒரு சைக்கிளுக்குக் கொடுத்தவன் என்ற பெயர் உங்களுக்கு முன்னால் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

ஊரிலேயே வண்டியை விட்டுவிட்டு வருவதென்றால் சித்தப்பா பையன் மாதிரி யாராவது ஓட்டுகிற ஆளிடம் விடுங்கள், பூட்டி வைத்தால் மழைக்காலத்தில் செயின் துருப்பிடித்துப் போகும். பிரெஸ்டாவுக்கான அடாப்டரை மறக்காமல் ஹேண்டில்பாரிலேயே கட்டிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு "அண்ணா, காத்து எப்படிண்ணா அடிக்கிறது?" என்று போன் வரும்.