சமுத்திரம் ஓட பழைய பாய்ப்படகு: வாங்கும் முன் எங்கே பார்க்க வேண்டும்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு பழைய பாய்ப்படகு ஒன்று வாங்க நினைக்கிறீர்கள் என்றால் விலையைக் கேட்கும் முன் கீல், அதாவது படகின் அடியில் துருத்தி நிற்கும் பாரமான பகுதி, எத்தனை மீற்றர் தண்ணீருக்குள் இறங்குகிறது என்று கேளுங்கள். பாலமீன்மடு முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும், மழை இல்லாத மாதங்களில் வாய் அடைபடும். அல்பின் வேகா என்ற 27 அடிப் படகுக்கே 1.17 மீற்றர் வேண்டும், கொன்டெஸா 32 என்ற படகுக்கு 1.65. போதாததற்கு, கல்லடிப் பாலத்துக்குக் கீழே பாய்மரம் போகாது. ஆகவே படகைத் திருகோணமலையில் நிறுத்துவதாகவே கணக்குப் போடுங்கள். கிழக்குக் கரையில் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் வந்து இறங்குவதும் அங்கேதான், விற்பனைக்கு ஏதும் வந்தாலும் அங்கேதான் முதலில் தெரியவரும்.

சின்னப் படகு என்று பயப்பட வேண்டாம். 1979 ஓகஸ்டில், இங்கிலாந்தில் தொடங்கும் பாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டியில் புயல் அடித்தபோது, ஆகச் சிறிய படகுகளின் பிரிவில் ஓட்டத்தை முடித்த ஒரே படகு அசென்ட் என்ற கொன்டெஸா 32. அறுபது, எழுபதுகளில் கட்டிய பைபர் உடல்கள் பெரும்பாலும் தடிப்பானவை. அடியில் கொப்புளம் இருந்தால், குத்திப் பார்க்கும்போது வினாகிரி வாடையோடு தண்ணீர் வரும். கொஞ்சம் கொப்புளத்தால் படகு தாழாது, அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

உண்மையான ஆபத்து மேல்தளத்தில். அது வெறும் பைபர் இல்லை, இரண்டு பைபர் படைகளுக்கு நடுவே பல்சா மரமோ பிளைவுட்டோ இருக்கும், போல்ட் போட்ட இடங்களால் தண்ணீர் இறங்கி வருடக்கணக்கில் உள்ளேயே இருந்து அந்த மரத்தை உக்க வைக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒரு அடி விடாமல் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமானால், காலடியில் அமுங்கினால், அங்கே மரம் போய்விட்டது. பாய்மர அடியிலும் கைப்பிடிக் கம்பிகளைச் சுற்றியும் இரண்டு முறை தட்டுங்கள். நம் கரையில் பைபர் வள்ளம் திருத்தும் கைகாரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் நடுவில் மரம் வைத்த தளம் வேறு வேலை. மேலே பைபர் மட் ஒட்டி மூடினால் உள்ளே உக்குவது நிற்காது. வெட்டித் திறந்து, உக்கியதை எடுத்து, எபொக்ஸிப் பசை போட்டுத்தான் மூட வேண்டும்.

அடுத்தது பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள். எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள், பில் இல்லை என்றால் பழையவை என்றே எடுத்துக்கொண்டு முழு செட்டின் விலையையும் கழித்துப் பேசுங்கள். 10 முதல் 15 வருடம் ஆன கம்பியை நம்பி வங்காள விரிகுடாவுக்குள் போகக் கூடாது. கம்பிகள் வந்து முடியும் செயின்பிளேட்டுகள் இன்னும் மோசம். மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் அந்த ஓர் அங்குலத்தில் காற்றுப் படாமல் ஈரம் தங்குவதால், துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்வதிலும் அங்கே வெடிப்பு விழும். ஒன்றையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் படகை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கீலும் உடலும் சேரும் கோட்டில் வெடிப்போ துருக்கசிவோ இருந்தால் கீல் போல்ட்டைச் சந்தேகியுங்கள். அடியில் உள்ள வால்வுகளைச் சுரண்டும்போது செம்பு போல இளஞ்சிவப்பு தெரிந்தால் அவை பித்தளை, துத்தநாகம் கரைந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். கரைக்கு ஏற்ற வசதி இல்லையா, மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் சுழியோடிகளில் ஒருவரைக் கேளுங்கள், கமராவோடு இறங்கி அடியைப் படம் எடுத்துத் தருவார்.

எஞ்சினைக் குளிராக இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ண வேண்டும், நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. சின்னப் படகு எஞ்சின்கள் பல குபோட்டா புளொக்கில் செய்தவை, அப்படி ஒன்று கிடைத்தால் அம்பாறைப் பக்கம் வயல் மெஷின் பார்க்கும் மெக்கானிக்கே பாதி வேலையைப் பார்த்துவிடுவார்.

ஜிபிஎஸ், புதுக் குஷன் எல்லாம் காட்டுவார்கள், சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு ரூபாயும் கூட்டாதீர்கள். படகின் விலை அளவுக்கே இன்னொரு தொகை திருத்த வேலைக்குக் கையில் இருக்கட்டும். வெளிநாட்டுக் கொடியில் உள்ள படகு என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சுங்கத்தில் வரியைக் கேளுங்கள், விற்பவர் பெயரும் பதிவுப் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை நம் பக்கக் கடல் கொந்தளிக்கும், ஆகவே ஏப்ரலுக்குப் பிறகு நல்ல காற்றுள்ள நாளில் பாயை முழுதாக ஏற்றி இரண்டு மணி நேரமாவது ஓடுங்கள், படகு சரிந்து ஓடும்போதே கீழே இறங்கி அடிப்பலகையைத் தூக்கி எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று பாருங்கள்.