பெட்டி இழுத்த கைக்குக் கரவன்: பிரித்தானியாவின் அளவுச் சட்டம், படிப்படியாக

வன்னியில் மெசினுக்கு (டிரக்டருக்கு) பின்னால் பெட்டி (டிரெய்லர்) கொழுவி, வயல் வரம்பிலும் ஏ9 வீதியிலும் ஓடிப் பழகியவர்கள் பலர் இன்று லண்டன் பக்கம் இருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு ஒரு பெரிய கரவன், அதாவது காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் சில்லு வைத்த வீடு, வாங்கும் ஆசை அவர்களுக்கும் வருகிறது. பெட்டியோடு பின்னுக்கு எடுக்கத் தெரிந்தவருக்குக் கரவனும் கைக்கு அடங்கும். ஆனால் அளவு விஷயத்தில் அங்கே சட்டம் கண்டிப்பு. காசு கொடுக்க முன் அளவுநாடாவை எடுங்கள்.

முதலில் அகலம். எந்த வாகனம் இழுத்தாலும் 2.55 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. எங்கள் கணக்கில் எட்டடி நாலு அங்குலத்துக்குச் சற்றே கூட. அமெரிக்காவில் செய்த பெரிய கரவன்களில் கவனம் தேவை. அங்கே எட்டரை அடி, அதாவது 2.59 மீற்றர் அகலத்தில் செய்கிறார்கள். நாலு சென்ரிமீற்றர்தானே என்று விடாதீர்கள், அது சட்டத்துக்கு வெளியே.

அடுத்தது நீளம். பலர் குழம்புவது இங்கேதான். இழுக்கும் வாகனம் 3,500 கிலோவுக்கு உட்பட்டது என்றால் (கார், ஜீப் எல்லாம் பெரும்பாலும் இதற்குள் வரும்) கரவன் 7 மீற்றர் வரை இருக்கலாம், கிட்டத்தட்ட 23 அடி. முன்னால் காரோடு கொழுவும் முக்கோணச் சட்டம் இந்தக் கணக்கில் சேராது. விற்பவர் தரும் தாளில் அதையும் சேர்த்த மொத்த நீளம் இருக்கலாம். அதனால் உடம்பின் முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை நீங்களே நாடா பிடியுங்கள். ஒருவர் மற்ற நுனியைப் பிடித்தால் ஐந்து நிமிட வேலை.

உயரத்தையும் அளந்து, ஒரு துண்டில் எழுதி ஸ்ரேறிங்குக்கு மேலே ஒட்டிவிடுங்கள். தாழ்ந்த பாலம் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது.

அப்புறம் எடை. 2021 டிசம்பர் 16 முதல், கார் அனுமதிப்பத்திரம் உள்ளவர் தனிச் சோதனை இல்லாமலே 3,500 கிலோ வரையான கரவனை இழுக்கலாம். அதற்காக உங்கள் கார் அவ்வளவு இழுக்கும் என்று அர்த்தமில்லை. காரின் கையேட்டில் உள்ள இழுவை எல்லையைப் பாருங்கள், எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. 750 கிலோவுக்கு மேற்பட்ட கரவனுக்குச் சொந்த பிறேக் கட்டாயம்.

கரவன் காரின் பின்பக்கத்தை விட அகலம் என்றால் நீட்டுக் கண்ணாடி பூட்ட வேண்டும். காரின் இலக்கத்தகடு கரவனின் பின்னாலும் வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் குடும்பத்தையே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போன பழக்கம் எங்களுக்கு உண்டு. பிரித்தானியாவில் ஓடும் கரவனுக்குள் ஒருவரும் இருக்கக்கூடாது, பிள்ளைகள் நித்திரை என்றாலும் காருக்குள்தான்.

ஓட்டம் இடப்பக்கம், எங்கள் ஊர் மாதிரியே. நடுவில் பிரிப்பு இல்லாத ஒற்றை வீதியில் வேக எல்லை மணிக்கு 50 மைல், மோட்டர்வேயில் 60. மூன்று தடத்துக்கு மேற்பட்ட மோட்டர்வேயிலும், மூன்று தடம் உள்ளதிலும், வலது ஓரத் தடத்தில் கரவனோடு ஏறாதீர்கள்.