புயல் காலத்துக்கு ஒரு ரேடியோ: கையால் சுற்றும் சோலார் ரேடியோவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. அன்று மாலைக்குள் கைபேசிக்கும் சிக்னல் இல்லாமல் போயிற்று. அடுத்த மழை எப்போது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று அறிய வழியின்றிக் கழிந்த அந்த நாட்களுக்குப் பிறகுதான், கையால் சுற்றியும் வெயிலில் வைத்தும் சார்ஜ் செய்யக்கூடிய, டார்ச்சுடன் சேர்ந்த ரேடியோ ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் போவதற்கு முன், உங்கள் ஊரில் எந்த நிலையங்கள் கிடைக்கின்றன என்பதை ஏதேனும் ஒரு ரேடியோவில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் காரைக்கால் எஃப்.எம். 100.3, திருச்சி வானொலியின் மத்திய அலை (பெட்டியில் AM அல்லது MW என்று குறித்திருக்கும்) 936 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டும்தான் எனக்கு முக்கியம். எஃப்.எம். ஒலி தெளிவாக இருந்தாலும் நெடுந்தூரம் எட்டாது. அருகில் உள்ள நிலையம் நின்றுவிட்டால், தொலைவிலிருந்து வரும் மத்திய அலைதான் கைகொடுக்கும். ஆகவே எஃப்.எம். மட்டுமே உள்ள பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம்.

அடுத்தது நான் தடுக்கி விழுந்த இடம். அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எண்கள் ஒளிரும் டிஜிட்டல் ரேடியோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இரவு நேரத்தில் சென்னை 720 மெலிதாகக் கேட்டது. அருகில் இருக்கும் திருச்சியோ கேட்கவில்லை. பொத்தானை அழுத்தினால் 930 வரும், மீண்டும் அழுத்தினால் 940. இரண்டிலும் குரலை மூடிக்கொண்டு ஓர் இரைச்சல். நிலையத்தில்தான் கோளாறு என்று ஒரு வாரம் நம்பியிருந்தேன். உண்மையான காரணம் வேறு. அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும், நம் நாட்டில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் அமைந்துள்ளன. 720 என்பது ஒன்பதாலும் பத்தாலும் வகுபடும் எண் என்பதால் கிடைத்தது. 936 ஒன்பதால் மட்டுமே வகுபடும் என்பதால் அந்தப் பெட்டி அதைத் தாண்டித் தாண்டிச் சென்றது. டிஜிட்டல் பெட்டி வாங்குவதானால் இந்த இடைவெளியை 9, 10 என்று மாற்றும் வசதி உள்ளதா என்று கேட்டு, கடையிலேயே 936 அல்லது கோவையின் 999-ஐ எண்பலகையில் வரவழைத்துப் பாருங்கள். என் தேர்வு, முள் நகரும் பழைய வகைத் திருகுதான். அதில் இந்தச் சிக்கலே எழாது. டபிள்யூ.பி. என்று குறித்த வானிலைப் பொத்தானுக்காகவும் கூடுதல் பணம் தராதீர்கள். அது அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் 162 மெகாஹெர்ட்ஸ் வானிலை ஒலிபரப்புக்கானது, இங்கே அதில் எதுவும் வராது.

மின்சக்தியைக் கணக்குப் போட்டே பாருங்கள். 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 7.4 வாட் மணி. மேலே ஒட்டியிருக்கும் சிறிய சோலார் தகடு 0.3 வாட் தருவதாக இருந்தால், அதை நிரப்ப நல்ல வெயிலிலேயே 25 மணி நேரம் வேண்டும். புயல் மேகத்தின் கீழ் அது போதவே போதாது. கையால் சுற்றுவதில் இரண்டு வாட் கிடைத்தாலே பெரிது. சில நிமிடம் சுற்றினால் செய்தி கேட்கலாம், டார்ச் எரிக்கலாம். 5000 மில்லி ஆம்பியர் மணி கைபேசியை அதைக்கொண்டு முழுமையாக நிரப்பப் பல மணி நேரம் ஆகும். எனவே பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியையும் போட்டுக்கொள்ளும்படி இருக்கும் மாதிரியையே வாங்குங்கள். அந்தப் பேட்டரிகளை உள்ளேயே விட்டுவைத்தால் கசியும். தனியே உறையில் வையுங்கள்.

கைப்பிடியை விரித்து ஒரு நிமிடம் விடாமல் சுற்றிப் பாருங்கள். மூட்டு ஆடினாலோ பல்சக்கரம் நழுவும் ஒலி கேட்டாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டார்ச்சில் மங்கலாக எரியும் நிலையும் இருக்க வேண்டும்; இரவெல்லாம் அடுப்படியில் வைக்க அதுவே ஏற்றது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மத்திய அலையைப் பிடித்துப் பழகுங்கள். அதற்குரிய ஆன்டெனா, பெட்டிக்குள் கிடையாகப் பொருத்திய, பெரைட் என்னும் காந்தப் பொருளாலான தண்டு. வெளியே நீளும் கம்பி எஃப்.எம்.முக்கு மட்டுமே. பெட்டியைத் திண்ணையில் வைத்து மெல்லக் கால்வட்டம் திருப்பினால், இரைச்சலுக்கு அடியில் கிடந்த குரல் ஓரிடத்தில் மேலெழுந்து வரும். அந்தத் திசையைத் திண்ணையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பெட்டிக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் தொடக்கத்தில் தவறாமலும் சார்ஜ் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு வாங்கிய ஒருவர், சார்ஜ் செய்துகொண்டே கேட்கும்போது மத்திய அலையில் கடும் இரைச்சல் வருவதாக எழுதியிருந்தார். ரேடியோ பழுதாக இல்லாமலிருக்கலாம். பெரும்பாலும் சார்ஜரே அந்த இரைச்சலை உண்டாக்குகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, ரேடியோவை இன்வெர்ட்டரிலிருந்தும் எல்.இ.டி. விளக்குகளிலிருந்தும் சற்றுத் தள்ளி வைத்துக் கேட்டுப் பாருங்கள்.