மஞ்சள் என்றால் வெறும் ‘மெதுவாகப் போ’ இல்லை

சேலம் ஜங்ஷனில் பிளாட்பார முனையில் நின்றுகொண்டிருந்தோம். அசிஸ்டென்ட் லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) தேர்வுக்குப் படிக்கும் அக்கா பையன் திடீரென்று என் கையைப் பிடித்தான். “மாமா, சிவப்புல போறான் பாருங்க!”

தனி என்ஜின் ஒன்று சிவப்பைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது, உண்மைதான். ஆனால் சிவப்புக்குக் கீழே சாய்வாக இரண்டு சின்ன வெள்ளை விளக்குகள் எரிந்ததை அவன் பார்க்கவில்லை. அது ஷண்ட் சிக்னல். மேலே சிவப்பு இருந்தாலும் ஷண்டிங்குக்கு, அதாவது ஸ்டேஷனுக்குள் என்ஜினையோ பெட்டிகளையோ லைன் மாற்றி நகர்த்த, மெதுவாகப் போகலாம், ஆனால் அதை நம்பி அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியைக் கிளப்பக் கூடாது. தரையோரம் தனியாக நிற்கும் ஷண்ட் சிக்னலில் அதே இரண்டு விளக்கும் படுக்கை வாட்டில் எரிந்தால் நிற்க வேண்டும். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள், சாய்வைப் பாருங்கள்.

அடுத்தது மஞ்சள். இதில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். ஒற்றை மஞ்சள் எந்த வேகத்தையும் சொல்வதில்லை, ‘அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா’ என்கிறது, அவ்வளவுதான். இரட்டை மஞ்சள் வந்தால் இரண்டு மடங்கு ஆபத்து என்று தேர்வில் எழுதுகிறவர்களும் உண்டு. அது ஒற்றையைவிடத் தாராளமானது, அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் தாண்டத் தயாராகு என்று பொருள்.

அப்புறம், ஸ்டேஷனுக்குள் வண்டியை அனுமதிக்கும் ஹோம் சிக்னலின் மேல் வரிசையாக எரியும் ஐந்து வெள்ளை விளக்குகள். கரூருக்கும் விருத்தாசலத்துக்கும் ஓமலூருக்கும் பாதை பிரிகிற நம் சேலம் மாதிரி இடத்தில் இதைப் புரிந்துகொள்ளாமல் முடியாது. அவை வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று மட்டும் காட்டும். மெயின் லைனிலிருந்து பிரியும் லூப் லைன் திருப்பத்தில் மணிக்கு 15 கிலோமீட்டரா, மேம்படுத்திய திருப்பத்தில் 30-ஆ என்பது லோகோ பைலட்டுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என்ஜின் திருப்பத்தைத் தாண்டிவிட்டது, இனி வேகம் எடுக்கலாம் என்று நினைப்பதும் தப்பு. 24 பெட்டி வண்டி அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், கடைசிப் பெட்டியும் தாண்டியாக வேண்டும்.

கடைசியாக, ‘சி’ என்ற ஆங்கில எழுத்துப் பலகையோடு இருக்கும் குட்டி மஞ்சள், அதாவது காலிங் ஆன் சிக்னல். இதைச் சாதாரண மஞ்சளோடு போட்டுக் குழப்பாதீர்கள். மேலே சிவப்பு எரிந்தபடியே இருக்கும், வண்டி அதன் முன் நின்ற பிறகுதான் இதைக் கொடுப்பார்கள். பாதை காலி என்று இது உத்தரவாதம் தருவதில்லை; அதே லைனில் இன்னொரு வண்டியே நின்றுகொண்டிருக்கலாம், அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்வது லோகோ பைலட்டின் பொறுப்பு.