ஓடிவந்து சுடுவது தனி வித்தை: முதல் பயத்லானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மார்கழியில் கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு மைதானத்தில் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த சிறிய பயத்லான் பந்தயம் ஒன்று நடத்தினோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் முதல் 400 மீட்டரில் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். துப்பாக்கியை எடுத்தார். பதினைந்து குண்டுகள் போயின. ஐந்து இலக்குகளில் ஒன்றுதான் விழுந்தது. அவருக்குச் சுடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முந்தைய நாள் மாலை, அதே துப்பாக்கியால் அதே தூரத்தில் ஐந்தையும் அவர் வீழ்த்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அவருக்கு ஓடத் தெரியும், சுடவும் தெரியும். ஓடிவந்து சுடுவது மூன்றாவது வித்தை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. முதல் முறை வருகிறவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ‘ரன் அண்ட் கன்’ என்ற பெயரில் நடக்கும் போட்டிகளில் ஆட்கள் ரைஃபிளையும் கைத்துப்பாக்கியையும் சுமந்துகொண்டு பல கிலோமீட்டர் காட்டு வழியில் ஓடி, இடையிடையே சுடுகிறார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அப்படியே இங்கே செய்யலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் நாம் கையாளக்கூடியது 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிள் மட்டுமே. அதற்கு ஏற்ற வடிவம், சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் ‘டார்கெட் ஸ்பிரின்ட்’. 400 மீட்டர் ஓட்டம், 10 மீட்டர் தூரத்தில் நின்றபடி ஐந்து இலக்குகள், மறுபடி 400 மீட்டர், மறுபடி ஐந்து, கடைசியாக இன்னொரு 400. துப்பாக்கியைச் சுமந்து ஓட வேண்டியதில்லை. அது சுடுமிடத்திலேயே இருக்கும். முதல் முறைக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது.

பயிற்சிக்குச் சோலை ஓரமாகவோ காட்டுக்குள்ளோ துப்பாக்கியோடு போகவே போகாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் ஏர் ரைஃபிளும் அடங்கும். அனுமதியின்றி அதைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோவது குற்றம். முதுமலைக்கும் இது பொருந்தும், கொடைக்கானல் சரணாலயத்துக்கும் பொருந்தும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காட்டெருமை தேயிலைக்குள் நின்று மேயும் ஊர் இது. பின்னால் மண்மேடோ சுவரோ இல்லாத இடத்தில் பறக்கும் குண்டு எங்கே போய் நிற்கும், அங்கே யார் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள் என்று உங்களால் சொல்ல முடியாது.

இனி அந்த இளைஞரிடம் வருவோம். அவர் கடைசி ஐம்பது மீட்டரைத்தான் மிக வேகமாக ஓடினார். வேடிக்கை பார்ப்பவர்கள் நிற்பது அங்கேதான். கைதட்டல் காலை விரட்டுகிறது. ஆனால் அந்த ஐம்பது மீட்டரில் மிச்சமாவது மூன்று நான்கு விநாடிகள். குழலை மடக்கிக் குண்டு போடும் ஸ்பிரிங் துப்பாக்கியில், புதியவர் ஒருவருக்கு ஒரு குண்டு தவறினால் அடுத்ததைப் போட்டுக் குறி பார்த்துச் சுட ஏறக்குறைய பத்து விநாடிகள் ஆகும். ஒரே ஒரு தவறிய குண்டு, மிச்சம் பிடித்ததைப் போல இரு மடங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. கடைசி ஐம்பது மீட்டரில் வேகத்தைக் குறையுங்கள். வாயை மூடாமல் நீளமாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வாருங்கள்.

இதன் மறுபக்கத் தவறும் உண்டு. சிலர் வந்ததும் துப்பாக்கியைத் தொடாமல், இதயம் அடங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அது அடங்காது, அடங்கும்போது பந்தயம் முடிந்திருக்கும். துடிக்கிற இதயத்தோடு சுடத்தான் பழக வேண்டும். குண்டைப் போடும் நேரத்தில் இரண்டு ஆழ்ந்த மூச்சு. துப்பாக்கி தோளுக்கு வந்ததும் இன்னொன்று. அதைப் பாதி வெளியே விட்டு நிறுத்தி, அந்த அமைதியில் விசையை அழுத்த வேண்டும். குழல்நுனியில் இருக்கும் முன்குறி வட்டம் நாடித்துடிப்புக்கு ஏற்பச் சின்னச் சின்னதாகக் குதிப்பது கண்ணுக்குத் தெரியும். பயப்பட வேண்டாம், அது எல்லோருக்கும் குதிக்கிறது. ஐந்தாறு விநாடிக்குள் குண்டு போகவில்லை என்றால் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்செடுங்கள். இழுத்துப் பிடித்த மூச்சோடு சுடும் குண்டு அநேகமாகத் தவறும்; கண் மங்கும், கை நடுங்கும்.

மலையில் இது இன்னும் கடினம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சென்னையில் பத்து விநாடி மூச்சை நிறுத்திச் சுட்டுப் பழகியவர் இங்கே 400 மீட்டர் ஓடிவிட்டு நான்கு விநாடி நிறுத்தினாலே பெரிது. ஆகவே போட்டியன்று காலை மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியேறி நேரே மைதானத்தில் வந்து இறங்காதீர்கள். உடம்பு முழுதாகப் பழக வாரங்கள் ஆகும் என்றாலும், இரண்டு நாள் முன்னதாக வந்து மெதுவாக ஓடிப் பார்த்தால் உங்கள் மூச்சு எங்கே தடுமாறுகிறது என்பதாவது தெரிந்துவிடும்.

சுடும் சங்கங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வேறொரு வழக்கம் குறுக்கே நிற்கிறது. வழக்கமான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் பத்துப் புள்ளிக்கான பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். கறுப்பு வட்டம் மொத்தமுமே 30.5 மில்லிமீட்டர்தான். இங்கே விழ வேண்டிய தகடு 35 மில்லிமீட்டர், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. அதாவது அந்த அட்டையின் கறுப்பு முழுவதையும்விட இந்த இலக்கு பெரிது. நடுவில் பட்டாலும் ஓரத்தில் பட்டாலும் தகடு விழும். இது தெரிந்தும் பலர் பத்துப் புள்ளியைத் தேடிக் குறியை நடுவில் நிறுத்தப் போராடுகிறார்கள். வட்டம் இலக்குக்குள் அலைகிறதா, போதும், அழுத்துங்கள். ஆனால் வெடுக்கென்று அழுத்தக் கூடாது. தோளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குழல்நுனி இரண்டு மில்லிமீட்டர் விலகினால் குண்டு தகட்டுக்கு வெளியே போய்விடும். அலைச்சலை மன்னிக்கும் இலக்கு, வெடுக்கென்ற விரலை மன்னிப்பதில்லை.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுகப் பிடிப்பதும் இதே கணக்கில் சேரும். உள்ளே இருக்கும் பிஸ்டன் ஓடும்போது துப்பாக்கி பின்னும் முன்னுமாக உதைக்கிறது. பிடி ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், தளர்வாக இருந்தால்தான் குண்டுகள் ஓரிடத்தில் விழும். ஓடிவந்த பதற்றத்தில் கை தானாக இறுகும். இடது உள்ளங்கையில் துப்பாக்கி சும்மா உட்கார்ந்திருக்கட்டும். இன்னொன்று, குண்டில்லாமல் இந்த வகைத் துப்பாக்கியைச் சுட்டுப் பழகாதீர்கள். ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கெட்டுவிடும்.

இரண்டு குண்டு தவறியதும் துப்பாக்கிக் குறியின் திருகாணியைத் திருகத் தொடங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது. நேற்று சரியாக இருந்த குறி இன்று காலை மாறவில்லை, மூச்சு மாறியிருக்கிறது. மூச்சு வாங்கும்போது கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியும் இடமும் மாறும். பயிற்சியிலேயே இருநூறு மீட்டர் ஓடிவந்து ஐந்து குண்டு, மறுபடி ஓடிவந்து ஐந்து என்று அட்டையில் சுட்டுப் பாருங்கள். ஓய்வாகச் சுட்டபோது விழுந்த இடத்துக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அட்டையே காட்டும். குறியைத் திருத்துவதாக இருந்தால் அங்கே திருத்துங்கள், பந்தயத்தில் அல்ல. வாரம் மூன்று நாள் ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் ஓட்டம், ஞாயிறு மட்டும் சுடும் பயிற்சி என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கடைசிவரை தெரிவதே இல்லை.

குளிருக்கும் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். பனிக்காலக் காலைகளில் விரல் மரத்துப்போகும். பெல்லட் என்கிற அந்தச் சிறிய ஈயக் குண்டு நழுவிப் புல்லில் விழும், அல்லது தலைகீழாகக் குழலுக்குள் போகும். விரல்நுனி திறந்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குண்டுகளை டப்பாவோடு வைக்காமல், பாவாடை போல் விரிந்த பக்கம் உங்களை நோக்கி இருக்க ஒரு தட்டில் வரிசையாக நிறுத்திவையுங்கள். கண்ணாடி அணிபவர்கள் மூச்சு அடங்கும் முன் முகத்தைக் கட்டையில் பதித்தால் கண்ணாடியும் பின்குறித் துளையும் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். உலர்ந்த துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். குழலை மடக்கும்போது இன்னொரு கை அதைப் பிடித்தே இருக்க வேண்டும். விட்டால் அது அறைந்து மூடும். இடையில் இருக்கும் விரல் போய்விடும்.

பாதுகாப்பில் நான் எந்தச் சலுகையும் காட்டுவதில்லை. தவறிய ஆத்திரத்தில் “அண்ணா, இது விழவே மாட்டேன் என்கிறது” என்று துப்பாக்கியோடு திரும்பிய பையன் ஒருவனை அந்தச் சுற்றோடு வெளியே அனுப்பியிருக்கிறேன். குழல் எப்போதும் இலக்குப் பக்கம், குறி பார்க்கும்வரை விரல் விசைக்கு வெளியே, ஓடக் கிளம்பும் முன் துப்பாக்கி காலி.

அதே நாளில் இன்னொரு பையன், வேகமாகப் போடலாம் என்று ஐந்து குண்டுகளை உதட்டில் கவ்விக்கொண்டு நின்றான். யாரோ பெரியவர் சொல்லிக் கொடுத்ததாம். அவை ஈயம், ஈயம் உடம்பில் சேரும் நஞ்சு, வளரும் பிள்ளைகளுக்கு அதிகக் கேடு. துப்பச் சொல்லி, வாய் கொப்பளிக்க வைத்து, மற்றவர்களையும் சோப்புப் போட்டுக் கை கழுவி வரச் சொன்ன பிறகுதான் தேநீரையும் வர்க்கியையும் எடுத்து வைத்தோம்.